ஆறாம் நம்பர் மெஷின்

கார்த்திகை பிறந்து ஒரு கிழமைக்குள் நெடுந்தீவுக் கணினி அறையில் இருந்த பத்து மெஷின்களில் நாலுதான் ஒழுங்காக எழும்பின. மற்றவை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. யன்னலை அடைத்து ஓரத்துக்குத் துணி வைத்தாலும் உப்பு உள்ளே வந்தது. வயர் முனைகளில் செம்பு பச்சை பூத்தது. பத்து வயரும் வந்து சேருகிற நெட்வேர்க் பெட்டியில் பாதி லைற் செத்துப்போயிற்று.

லண்டனில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட மெஷின்கள் அவை. உள்ளே டிஸ்க் இல்லாமல் வந்தவை. சுவிச்சைப் போட்டால் ஒவ்வொன்றும் அலுமாரிக்குள் இருக்கிற சேவர் என்ற தாய் மெஷினைத் தேடிப்போய், லினக்ஸ் மென்பொருள் முழுவதையும் வயர் வழியாக இழுத்துத்தான் எழும்ப வேண்டும். வயர் நன்றாக இருந்த காலத்தில் அதற்கு இரண்டு நிமிடம். இப்போது எல்லாம் சேர்ந்து இழுத்தால் முக்கால் மணித்தியாலம். அதிலும் சில பாதியில் நின்றுவிடும்.

தயாபரன் நாரந்தனையில் இருந்து செவ்வாயும் வியாழனும் படகில் வருகிறவன். படிப்பிப்பதும் அவன்தான், திருத்துவதும் அவன்தான். யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் கடையொன்றில் பத்துச் சின்ன டிஸ்க்குகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். சேவரில் இருந்த லினக்ஸ் முழுவதும் ஒரே ஒரு பெரிய கோப்பு. அதற்கு இமேஜ் என்று பெயர். அதில் ஒரு பிரதியை ஒவ்வொரு டிஸ்க்கிலும் போட்டுவிட்டால் மெஷின் தன் வயிற்றுக்குள் இருந்தே எழும்பிவிடும். காலையில் வயரால் இழுக்கிற பாரம் இல்லாமல் போகும்.

ஆணி கழற்றிப் பூட்டியவர் அமலதாஸ். இருபது வருடம் கடலுக்குப் போனவர். வலது கையின் இரண்டு விரல்களை எஞ்சின் பட்டி கொண்டுபோன பிறகு இந்த வீட்டைப் பார்க்கிற வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் சுவிசில் இருக்கிறார். முன் விறாந்தையும் பெரிய அறையும் கணினிக்கு. பின்னால் இரண்டு அறையும் குசினியும் அமலதாஸ் குடும்பத்துக்கு. மூன்று விரலால் அவர் ஆணி கழற்றுகிற வேகத்தைப் பார்த்து, இவருக்கே சான்றிதழ் குடுக்கலாம் என்று தயாபரன் பகிடி விட்டான். பிறகு பகிடியை விட்டுவிட்டு ஒரு விசயத்தைச் சொன்னான்.

"அமலண்ணை, இதை வடிவாக் கேளுங்கோ. எழும்பிறது மட்டும்தான் உள்ளுக்கிருந்து. பிள்ளையள் எழுதிறது ஒண்டும் இந்த டிஸ்க்கில ஏறாது. இமேஜ் எண்டது பூட்டின பெட்டி, ஆரும் கை வைக்க ஏலாது. எழுதிறதெல்லாம் வயராலை சேவருக்குப் போகுது. வயர் இல்லையெண்டால் மெஷின் தன்ர நினைப்பில மட்டும் வச்சிருக்கும். மெஷினை நூத்துக் கரண்டை நிப்பாட்டினவுடன எல்லாம் போயிடும்."

"விளங்குது, தம்பி."

அவருக்கு விளங்கியது வேறு. வள்ளத்துக்கு எஞ்சின் ஏற்றியாயிற்று, இனி இழுகயிறு எதற்கு என்பதுதான்.

ஒன்பது மெஷின் எழும்பின. ஆறாம் நம்பருக்கு இமேஜ் ஏறியது, ஆனால் வயர் கொளுவுகிற ஓட்டை உள்ளே உக்கிப்போயிருந்தது. வயரைக் கொளுவினால் மெஷின் சேவரைத் தேடித்தேடி நின்றது. அடுத்த முறை புது உறுப்பு கொண்டுவந்து போடலாம் என்று தயாபரன் அதன் நெற்றியில் 'பாவிக்க வேண்டாம்' என்று ஒரு தாள் ஒட்டிவிட்டுப் படகுக்கு ஓடினான். அன்று பின்னேரமே காற்றுத் திரும்பியது. பன்னிரண்டு நாள் படகு ஓடவில்லை.

பயிற்சிக்கு வருகிறவர்கள் பதினொரு பேர். மெஷின் ஒன்பது. அமலதாசின் மகள் நிருஜாவும் அதில் ஒருத்தி. அந்த வீட்டிலேயே இருக்கிற பிள்ளை என்பதால் எப்போதும் அவள்தான் எழும்பி இடம் விட்டாள். மற்றவர்கள் போன பிறகு பொழுதுபடும் நேரத்தில் உட்காருவாள். அதற்குள் கரண்ட் போய்விடும். இரண்டு நாள் அமலதாஸ் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஆறாம் நம்பரின் வயரைக் கழற்றிவிட்டுச் சுவிச்சைப் போட்டார். நாற்பது செக்கனில் எழும்பி நின்றது.

நிருஜாவின் பெயரை அது ஏற்கவில்லை. பெயரைச் சரிபார்க்கச் சேவர் வேண்டும். ஆனால் தயாபரன் சோதித்துப் பார்ப்பதற்காக இமேஜுக்குள்ளேயே ஒரு பொதுப்பெயர் வைத்திருந்தான். யாரையும் கேட்காமல் திறக்கிற பெயர். அதை மெஷின் பெட்டியின் பக்கத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தான். அமலதாஸ் அதை ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். திறந்தது. ஒட்டியிருந்த தாளை உரித்தார். வயர் தொங்கினால் மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று அதை ஓட்டைக்குள் பாதி மட்டும் நுழைத்து, கொளுவினதுபோல நிற்கவிட்டார்.

அதோடும் அவர் விடவில்லை. கூரையில் இருக்கிற சூரியத் தகட்டின் பற்றரி இரவில் ஒரு மெஷினைத் தாங்கும். ஆகவே பின்னேரம் மற்ற எல்லாவற்றையும் நூர்த்துவிட்டு, ஆறாம் நம்பரின் திரையை மட்டும் நூர்த்தார். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. விடிய ஐந்து மணிக்கு மகள் வந்து திரையைப் போட்டால் முதல்நாள் விட்ட இடத்திலேயே நிற்கும். இதென்ன, என்ர பேர் இல்லாமல் வேற பேர் நிக்குது என்று அவள் ஒருமுறை கேட்டாள். எல்லாம் ஒண்டுதான், நீ உன்ர அலுவலைப் பார் என்றார். பத்திலும் கெதியான மெஷின் அதுதான். கெதிக்குக் காரணம் அது ஒருவருக்கும் பதில் சொல்லாமல் ஓடியது என்று அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

நிருஜாவுக்கு இருபத்துமூன்று வயது. பயிற்சி முடிவுக்கு ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்து காட்ட வேண்டும். அவள் எடுத்தது தீவு மாடுகளின் குறிப்பதிவு. நெடுந்தீவில் மாடுகள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. எந்த மாடு யாருடையது என்பதை முதுகில் சுட்ட குறிதான் சொல்லும். அந்தக் குறிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், தேடினால் கிடைக்கிற மாதிரி எழுதிவைத்தவர் ஒருவரும் இல்லை. மழைக்காலத்தில் மாட்டின் மயிர் நனைந்து படிந்துபோய்ப் படம் எடுத்தாலும் குறி தெரியாது. அதனால் அவள் வீடு வீடாகப் போனாள். கல்வேலிக்குள் நின்று கூப்பிட்டாள். வெளியே வருகிறவர்கள் தடியால் நிலத்தில் கீறிக்காட்டுவார்கள். அதைப் பார்த்துத் துண்டுக் கடதாசியில் கீறிக்கொண்டு வந்து, மவுசால் திரையில் வரைந்து, பெயரும் வட்டாரமும் பதிவாள். பதிந்த துண்டுகள் மழையில் ஊறிக் கூழாகி இருந்தன. அவற்றை அடுப்படியில் போட்டுவிட்டாள். ஒன்பது நாளில் நூற்று எண்பத்தாறு குறிகள் பதிந்திருந்தாள்.

இந்தச் சான்றிதழ் அவளுக்குத் தேவைப்பட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. தாய் றஞ்சனியின் தம்பி சூரிச்சில் இருந்து ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார். முப்பத்தாறு வயது, சாப்பாட்டுக் கடையில் வேலை, குடி இல்லை. றஞ்சனிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நிருஜாவுக்கு மாப்பிள்ளையில் குறை இல்லை, போவதற்கு விருப்பம் இல்லை. வேலணையில் ஓர் அலுவலகத்தில் கணினிப் பதிவு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மார்கழி பதினைந்துக்குள் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். அமலதாஸ் நடுவில் நின்று ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார். சான்றிதழ் கைக்கு வந்தால் அவள் வேலைக்குப் போகட்டும். வராவிட்டால் தாய் சொல்லுகிறதுக்குச் சம்மதிக்க வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு அந்தக் கதை திரும்ப எழும்பியது. கடலுக்கு ஆட்கள் போகாததால் வீட்டில் பாரைக் கருவாடும் பருப்பும்தான். சாப்பிட்டுக்கொண்டே றஞ்சனி, மாட்டுக்குறி கீறித் திரியிற பெட்டையை நாளைக்கு ஆர் கேக்கப்போகினம் என்றாள். நிருஜா, கேட்டவரைத்தான் வேண்டாமெண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன் என்றாள். கருவாட்டைத் தொடாமல் எழும்பினாள்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு மேற்கே கறுத்தது. தீவு தட்டை. பனையையும் தொலைபேசிக் கோபுரத்தையும் விட்டால் இடி விழ உயரமாக வேறு ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வளவில் ஒரு பசுவும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரே இடியில் போனவை. அதற்குப் பிறகு முதல் முழக்கம் கேட்டவுடன் வீட்டுக்கு வீடு மெயின் சுவிச்சை இறக்குகிறார்கள். அமலதாஸ் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். பிள்ளைகள் மழை வருகிறது என்று நேரத்தோடு போய்விட்டார்கள். நிருஜா மேற்குப் பக்கம் கடைசி நாலு குறிக்காகப் போயிருந்தாள். றஞ்சனி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். முழக்கம் கேட்டதும் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடி, மெயினை இறக்கினாள். பற்றரியின் சுவிச்சை இறக்கினாள். பிறகு பத்துப் பிளக்கையும் ஒன்றொன்றாகச் சுவரில் இருந்து பிடுங்கிப் போட்டாள். நல்லகாலம் நான் நிண்டது என்று, தண்ணீரோடு திரும்பிவந்த அமலதாசிடம் சொன்னாள். அவர் வாளியை வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் பார்த்தார். ஆறாம் நம்பரின் பச்சை லைற் எரியவில்லை. அப்போதும் அவர் பயப்படவில்லை. எஞ்சின் உள்ளே இருக்கிறது என்றுதான் நினைத்தார்.

ஐந்து மணிக்கு நிருஜா நனைந்தபடி வந்தாள். தலை துடைக்க முதல் மெயினை உயர்த்தி, பிளக்கைக் கொளுவி, சுவிச்சைப் போட்டாள். நாற்பது செக்கனில் எழும்பியது. இமேஜ் ஏற்றின முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே, ஒன்றும் இல்லாமல் சுத்தமாக நின்றது. அவள் திரும்ப நூர்த்துப் போட்டாள். திரும்பவும் அதுதான். மற்ற மெஷினில் போய்த் தன் சொந்தப் பெயரில் திறந்து பார்த்தாள். அங்கே படகு நிற்பதற்கு முந்திய பழைய பயிற்சிகள் மட்டும் இருந்தன.

குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஆறாம் நம்பரை ஆர் நூத்தது?"

"நான்தான். எல்லாத்தையும் கழட்டினனான். என்ன முழக்கம் முழங்கினது, உனக்குக் கேக்கேல்லையோ?"

"ஞாயிற்றுக்கிழமை கதைச்சனீங்கள். திங்கக்கிழமை கழட்டிப்போட்டியள்."

"என்னடி சொல்லுறாய்?"

"ஒண்டுமில்லை."

றஞ்சனிக்கு அது உள்ளே இறங்க ஒரு நிமிடம் பிடித்தது. இறங்கியதும் அவள் சண்டை பிடிக்கவில்லை. ஆதரவாக இருக்கட்டுமென்று புருசனைப் பார்த்தாள். அமலதாஸ் வாசல்படியில் இருந்து மீன் தறிக்கிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மகள் சொன்னதும் மனைவி கேட்டதும் அவருக்கு வடிவாகக் கேட்டது. தயாபரன் சொன்னதும் இப்போதுதான் சரியாக விளங்கியது. ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவர் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிருஜா உள்ளே போனதும் எழும்பி அறைக்குள் போய், பாதியில் நின்ற வயரை முழுவதாக உள்ளே தள்ளிவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை கடல் இறங்கியது. தயாபரன் முதல் படகில் வந்தான். மறுநாள் மதிப்பீட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்தில் இருந்து ஆள் வருகிறது. அவன் சேவருக்கு முன்னால் குந்தியிருந்து பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றில் இருந்து பத்து வரைக்கும் எல்லா மெஷினும் நாளுக்கு நாலைந்து தரம் வந்துபோயிருந்தன. ஆறு மட்டும் ஒருமுறையும் வரவில்லை. திருப்பி எடுக்க வழியே இல்லையா என்று நிருஜா கேட்டாள். எடுக்கிறதெண்டால் எங்கயாவது எழுதுப்பட்டிருக்க வேணும், இது ஒரு இடத்திலயும் எழுதுப்படேல்லை என்றான். பிறகு ஆறாம் நம்பரின் பின்பக்கம் குனிந்து பார்த்தான்.

"வயர் இறுக்கித்தான் கிடக்குது. இறுக்கிக் கிடந்தால் இது எழும்பியிருக்காது. எழும்பினதெண்டால் கழண்டு கிடந்திருக்கு. அமலண்ணை, நீங்கள் ஏதும்…"

அந்த நேரம் றஞ்சனி தேத்தண்ணியோடு வந்தாள். அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, பிழை தன்னுடையது என்றாள். இடிக்குப் பயந்து கழற்றினது தான்தான், மற்ற ஆக்களைக் கேட்டு என்ன என்றாள். அவள் அதை உண்மையென்றே நம்பினாள். தயாபரன் தேத்தண்ணியை எடுத்தான். பெட்டியின் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த பெயர் அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது. கதை நீண்டால் அந்தப் பெயரை யார் உள்ளே வைத்தது, ஏன் எடுக்காமல் விட்டது என்று வரும். இந்தப் பயிற்சி நிலையத்தின் அனுமதியும் அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டியது. அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். வேறொன்றும் கேட்கவில்லை.

றஞ்சனி உள்ளே போனதும் ஒரு வழி சொன்னான். போன முறை படிச்ச ஒரு பிள்ளையின் வேலை சேவரில் கிடக்கிறது. பெயரை மாற்றி, திகதியையும் முன்னுக்குத் தள்ளி, நிருஜாவின் இடத்தில் போடலாம். மதிப்பீட்டுக்கு வருகிறவ கடல் குலுக்கலில் தலை சுற்றித்தான் வருவா, உதையெல்லாம் கிண்டிப் பார்க்க மாட்டா. அமலதாஸ் உடனே, அதைச் செய்யும் தம்பி என்றார். அவருடைய குரலில் இருந்த அவசரம் நிருஜாவுக்குப் புதிதாக இருந்தது.

"ஆற்றையோ மாட்டில என்ர குறியைச் சுடச் சொல்லுறியளோ, சேர்?" என்றாள் அவள்.

தயாபரன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. மூன்றாம் நம்பரில் தன் சொந்தப் பெயரில் உட்கார்ந்து முதலில் இருந்து தொடங்கினாள். திங்கட்கிழமை கொண்டுவந்த நாலும், ஞாபகத்தில் நின்றவையும். மற்றப் பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டுக் குறிகளைக் கீறிக் கொடுத்தார்கள். மத்தியானம் மூன்று வீட்டுக்கு ஓடிப்போய் வந்தாள். மற்ற இடங்களுக்குப் போகத் தூரம் விடவில்லை. தாயோடு ஒரு சொல் கதைக்கவில்லை. றஞ்சனி சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு மணித்தியாலம் கழித்து இலையான் மொய்த்தபடி எடுத்துக்கொண்டு போனாள். அமலதாஸ் இதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மதிப்பீட்டுக்கு வந்தவர் ஐம்பது வயதுப் பெண். இறங்குதுறையில் இருந்து லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்து சேர்ந்தபோது அவருடைய முகம் வெளுத்திருந்தது. காற்று திரும்பலாம் என்று படகுக்காரர் பன்னிரண்டரைக்கே வெளிக்கிடச் சொல்லியிருந்தார். இருந்தாலும் அவர் ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் கதிரையைப் போட்டு இருந்து, திறந்து காட்டச் சொல்லி, கேள்வி கேட்டார். நிருஜாவிடம் வர பதினொரு மணி ஆயிற்று. அவளுடைய பதிவில் நாற்பத்தொரு குறிகள் இருந்தன. அவர் இரண்டை மாறிமாறித் தேடிப் பார்த்தார். நல்ல யோசினை என்றார். அவள் எழுதிக் கொடுத்திருந்த திட்டத் தாளைப் புரட்டினார்.

"நூற்றி எண்பதுக்கு மேல எண்டு எழுதியிருக்கு. மிச்சம்?"

"அழிஞ்சு போச்சு, மிஸ்."

"என்னெண்டு?"

றஞ்சனி தேசிக்காய்த் தண்ணியோடு கதவடியில் நின்றாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். பதினொரு பேருக்கும் விசயம் தெரிந்திருந்தது. சின்னத் தீவு, ஞாயிற்றுக்கிழமைக் கதையும் தெரிந்திருந்தது. நிருஜா, திங்கக்கிழமை முழக்கத்துக்கு அம்மா என்று தொடங்கினாள். றஞ்சனி தட்டைப் பிடித்தபடி, வாறதை வாங்கிக்கொள்ள ஆயத்தமாகத் தலையை நிமிர்த்தி நின்றாள்.

"இல்லை, மிஸ்," என்றார் அமலதாஸ். "அது நான்."

அவர் எழும்பி ஆறாம் நம்பரடிக்குப் போய் வயரைக் கையால் தொட்டுக்காட்டினார்.

"இதைக் கழட்டினது நான். கழட்டக்கூடாதெண்டு தம்பி சொன்னவர். எழும்புது தானே எண்டு நினைச்சன். என்ர பிள்ளைக்கு இருக்க இடமில்லை எண்டுதான் செய்தனான். இவ பிளக்கைக் கழட்டாட்டிலும் எண்டைக்கோ ஒருநாள் போயிருக்கும். திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். இவவில பழி நிக்கட்டுமெண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். பிறகு வயரைத் தள்ளிவிட்டதும் நான்தான்."

தயாபரன் நிலத்தைப் பார்த்தான். அந்தப் பென்சில் பெயரைப் பற்றி அவன் அப்போதும் சொல்லவில்லை. வந்தவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தான் நம்புவதாக நிருஜாவிடம் சொன்னார். ஆனால் நம்பினேன் என்று எழுத இந்தத் தாளில் இடம் இல்லை, கண்டதைத்தான் எழுத ஏலும் என்றார். அடுத்த மதிப்பீடு ஆனியில். பத்துப் பேருக்கு ஒரு பக்கத்தில் கையெழுத்து வைத்தார், ஒருத்திக்கு மற்றப் பக்கத்தில். தேசிக்காய்த் தண்ணியைக் குடித்துவிட்டுப் படகுக்குப் போனார். தயாபரன் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

வேலணை வேலைக்கு நாள் மார்கழி பதினைந்தோடு முடியும். அமலதாசின் தீர்ப்பின்படி இனித் தாய் சொல்லுகிறதுதான். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நிருஜா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். றஞ்சனி மத்தியானம் முழுக்கப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே திரும்பவும் தேய்த்தாள். அமலதாஸ் கிணற்றடியில் நின்று, வேலியில் விழுந்த கல்லுகளைத் தூக்கி அடுக்கினார். மூன்று விரலால் பிடித்த கல் இரண்டு தரம் கால்மாட்டில் விழுந்தது.

பொழுதுபட்டுச் செபமாலை சொல்லி முடித்த பிறகு, வழமையான நேரத்துக்குச் சூரிச்சில் இருந்து றஞ்சனியின் தம்பி போன் எடுத்தார். அவருக்கு யாரோ அதற்குள் செய்தி சொல்லியிருந்தார்கள். அப்ப சரி, தையில நாள் வைப்பமோ என்று கேட்டார். றஞ்சனி போனைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, மாக்குழைத்த கையோடு கதைத்தாள்.

"வேண்டாம், தம்பி. பிள்ளை ஆனி மட்டும் படிக்குது. அவையளுக்குக் காத்திருக்க ஏலுமெண்டால் இருக்கட்டும். ஏலாட்டி வேற இடம் பாக்கச் சொல்லு."

அங்கிருந்து என்னவோ நீளமாகச் சொன்னார்.

"ஓம், எனக்கு விருப்பம்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இப்ப ஓமெண்டு சொன்னனெண்டால், அம்மா இதுக்குத்தான் அண்டைக்குக் கழட்டினவ எண்டு அவளுக்குச் சாகும் மட்டும் ஒரு மூலையில கிடக்கும். இஞ்ச இவர் எத்தினை பேருக்கு முன்னால நிண்டு சொன்னாலும் கிடக்கும். அப்பிடி ஒரு கலியாணம் எனக்கு வேண்டாம். வை."

கதவு திறந்தது. நிருஜா வெளியே வந்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவள் திருவலையை இழுத்துப் போட்டு, அதில் குந்தி, பாதித் தேங்காயைத் திருவத் தொடங்கினாள். றஞ்சனி அவளுக்கு முன்னால் ஒரு சுளகைத் தள்ளிவைத்தாள். நீத்துப்பெட்டியில் பிட்டு அவிந்ததும் இரண்டு பேரும் சம்பலோடு அடுப்படியிலேயே இருந்து சாப்பிட்டார்கள்.

அமலதாஸ் கை கழுவிவிட்டு வந்து மேசையில் இருந்தார். வழமையில் அவர் வந்து இருக்க முதலே கோப்பை முன்னால் வந்துவிடும். கொஞ்ச நேரம் இருந்தார். றஞ்சனி தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவரைக் கடந்து போனாள்.

"பிட்டு நீத்துப்பெட்டிக்குள்ள கிடக்கு. போட்டுச் சாப்பிடுங்கோ."

அவர் எழும்பினார். சாப்பாட்டுக் கோப்பைகள் எங்கே இருக்கும் என்று கலியாணம் கட்டின இருபத்தாறு வருடத்தில் அவருக்குத் தெரிய வேண்டி வரவில்லை. குசினி அலுமாரியின் மேல்தட்டைத் திறந்தார். மருந்துப் போத்தல்கள் இருந்தன. நடுத்தட்டில் துணி இருந்தது. கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்தார். நிருஜா திருவலையைக் கழுவிக்கொண்டே அவரைப் பார்த்தாள். எந்தத் தட்டு என்று அவள் சொல்லவில்லை.